வந்து வந்து போகும் மின்கோளாறு: செகண்ட் ஹேண்ட் சொகுசுக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், மெர்சிடஸ் இ கிளாஸ், ஆடி ஏ6 போன்ற வண்டியை எட்டுப் பத்து வருடம் ஓடிய பிறகு வாங்கினால், இஞ்சினைவிட ஒயரிங்தான் உங்களை அதிகம் அலையவிடும். காலையில் கிளம்பும்போது ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று நாலைந்து விளக்குகள் ஒன்றாக எரியும். ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே இருக்காது. "மறுபடி வந்தா கொண்டு வாங்க சார்" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் ஏதோ ஒரு மாட்யூலை (வண்டியின் ஒரு பகுதியை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டரை) மாற்றச் சொல்லிப் பெரிய எஸ்டிமேட்டாகக் கையில் கொடுப்பார்கள். மாற்றிய பத்தாம் நாள் அதே விளக்கு எரியும்.

இந்த வீண்செலவைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு போதும்: கோளாறை நீங்கள் நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிகிறவரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கீழே உள்ள படிகள் அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுபோவதற்காகத்தான். வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக, பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு மட்டும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அது உயிர்போகும் மின்அழுத்தம். 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்டையும் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் மஞ்சள் நிறக் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) என்றால் ஏர்பேக் அல்லது சீட்பெல்ட் சுற்று. அதில் மல்டிமீட்டரின் ஓம் அளவீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரத்துக்கே ஏர்பேக் வெடிக்கும் ஆபத்து உண்டு.

1. இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், ஓடோமீட்டர் எண், அதற்கு முன் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, மழையா, வாட்டர் வாஷ் நடந்ததா, இஞ்சின் சூடாக இருந்ததா, என்ன வேகம், பள்ளத்தில் இறங்கியதா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்த விளக்கு முதலில் வந்தது என்று எழுதுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் மீட்டர் போர்டை ஓடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒர்க்ஷாப்பில் உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்த வீடியோவுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு வாரக் குறிப்பைப் படித்தாலே பல நேரம் பாதை தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாள் நின்ற பிறகு, காலையில் மட்டும் வந்தால் பேட்டரியோ, நிற்கும்போது மின்சாரம் கசிவதோ காரணம். மழைக்கோ வாஷுக்கோ அடுத்த நாள் வந்தால் தண்ணீர். ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போதும் கதவையோ டிக்கியையோ சாத்தும்போதும் வந்தால் உள்ளே அறுந்த ஒயர் அல்லது லூஸ் கான்டாக்ட். முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு வந்து, ஆறியதும் போனால் ரிலே, சென்சார், மாட்யூலுக்குள் விரிசல் விட்ட சால்டர் (ஈயப் பற்றவைப்பு) போன்றவை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஹார்ன், ஏர்பேக் விளக்கு, ஸ்டியரிங் பட்டன்கள் சேர்ந்து போனால் ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சுருள் ஒயரைப் பாருங்கள்.

இதே இரண்டு வாரத்தில் ஃபைல் ஒன்றையும் தயார் செய்துவிடுங்கள். ஆர்சி நகல், இன்ஷூரன்ஸ் பாலிசி, எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் அதன் நிபந்தனைத் தாள், சர்வீஸ் பில்கள், கடைசியாகப் போட்ட பேட்டரியின் பில், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் டிராக்கர் போன்றவை பொருத்திய பில்கள், முன்பு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். விற்றவரிடமோ புரோக்கரிடமோ இவற்றைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள். 17 எழுத்துள்ள சேஸிஸ் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் ஒயரிங் மாறும் என்பதால், சரியான ஒயரிங் வரைபடம் அந்த எண்ணை வைத்துத்தான் கிடைக்கும்.

2. கருவிகளும் அவற்றின் விலையும்

குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் ரூ. 1,500 முதல் 3,000-க்குள் கிடைக்கும். மில்லிஆம்பியர் வரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டருக்கு ரூ. 4,000 அளவில் ஒதுக்குங்கள். வாங்கும்போது டிசி அளக்குமா என்று உறுதி செய்யுங்கள். கடையில் மலிவாக இருக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டும்தான் அளக்கும். ஏஜிஎம் பேட்டரிக்கான (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த வகை) நிலை உள்ள சார்ஜர் ஒன்று, ஒயரின் பின்பக்கமாகக் கப்ளருக்குள் நுழைக்கும் மெல்லிய ஊசி முனைகள், நல்ல டார்ச். இவை போதும்.

பல்பு வைத்த பழைய டெஸ்ட் லேம்ப்பை மாட்யூலுக்குப் போகும் ஒயர்களில் வைக்க வேண்டாம். அது இழுக்கும் மின்சாரம் மாட்யூலுக்குள் இருக்கும் மெல்லிய சுற்றைக் கருக்கிவிடும்.

3. முதலில் முழு ஸ்கேன், அழிக்காமல்

ஆன்லைனில் விற்கும் மலிவு ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இஞ்சின் கோடுகளை (மாட்யூல் பதிவு செய்யும் கோளாறு எண்களை) மட்டும்தான் படிக்கும். இந்த வண்டிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய தகவல் மற்ற மாட்யூல்களில் இருக்கிறது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் அல்லது விசிடிஎஸ் என்ற ஸ்கேன் மென்பொருள் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில், எல்லா மாட்யூல்களையும் படித்த முழு ரிப்போர்ட்டாகக் கேளுங்கள். படிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பிரிண்ட் அல்லது பிடிஎஃப் கைக்கு வரும்வரை "கிளியர்" பட்டனை அழுத்த விடாதீர்கள். அழித்துவிட்டால் கோளாறு வந்தபோது இருந்த கிலோமீட்டர், வோல்டேஜ், வெப்பநிலை எல்லாம் சேர்ந்து போய்விடும். இந்த வகைக் கோளாறுக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் முக்கியத் தடயம்.

ரிப்போர்ட்டில் முப்பது கோடுகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். படிக்கும் முறை இதுதான். முதலில் வோல்டேஜ் குறைவு பற்றிய கோடுகளைத் தேடுங்கள். பி 0562 என்பது அதன் பொதுவான எண். அதே கிலோமீட்டரில் பதிவான மற்ற கோடுகளைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். அவை பெரும்பாலும் வோல்டேஜ் விழுந்ததன் விளைவுகள். அடுத்து, யு என்று தொடங்கும் தொடர்பு அறுந்த கோடுகள். இதில் யார் புகார் சொல்கிறார்கள் என்பதைவிட யாரைப் பற்றிப் புகார் என்று பாருங்கள். இஞ்சின், கியர்பாக்ஸ், மீட்டர் போர்டு மூன்றும் "ஏபிஎஸ் பேசவில்லை" என்று சொன்னால், சந்தேகம் ஏபிஎஸ் மாட்யூலின் சப்ளை, எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் தகவல் ஒயர் மீது விழ வேண்டும். அந்த மாட்யூலே கெட்டுவிட்டது என்ற முடிவு கடைசியில்தான் வரவேண்டும். எல்லோரும் எல்லோரையும் பற்றிப் புகார் சொன்னால் பிரச்சினை பேட்டரியிலோ தகவல் ஒயரிலோ இருக்கிறது.

4. பேட்டரியை நிரூபியுங்கள்

மாட்யூல்கள் எல்லாம் கம்ப்யூட்டர்கள். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் அளவுக்கு மீறி விழுந்தால் சில மாட்யூல்கள் அணைந்து மறுபடி எழுந்துகொள்ளும். அந்த ஒரு நொடியில் மற்றவை "ஆளைக் காணோம்" என்று கோடு எழுதிவிடும். அதனால்தான் பலவீனமான பேட்டரி பத்து வெவ்வேறு நோய்களாக வேஷம் போடுகிறது.

வண்டியைப் பூட்டி இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் காலி. பிறகு மீட்டரைக் குறைந்தபட்சம் பிடிக்கும் நிலையில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முழுதாகச் சார்ஜ் செய்து மறுபடி அளங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரியின் காலம் முடிந்தது. 90 ஆம்பியர் பேட்டரி பாதி காலியாக இருந்தால் 10 ஆம்பியர் சார்ஜரில் நிறைய ஒரு இரவு ஒதுக்குங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடத்தைத் தாண்டிய பேட்டரியைச் சந்தேகப் பட்டியலில் முதலில் எழுதலாம்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுபவர்களுக்கு: 5 சீரிஸ் எஃப்10, ஆடி ஏ6 சி7 இரண்டிலும் டிக்கியில், இ கிளாஸ் டபிள்யூ212-இல் பானெட்டுக்குள் (எஃப்10, சி7, டபிள்யூ212 என்பவை மாடலின் தலைமுறைக் குறியீடுகள்). சில மெர்சிடஸ் மாடல்களில் சின்னத் துணை பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். பெரிய பேட்டரியை மாற்றிவிட்டு இதை மறந்துபோவது அடிக்கடி நடக்கும் தவறு.

டிக்கியில் பேட்டரி உள்ள வண்டியில் இன்னொரு பொறி உண்டு. டிக்கி பூட்டு மின்சாரத்தில் திறப்பது. பேட்டரியைக் கழற்றிய பிறகு டிக்கி மூடிக்கொண்டால் வெளியே நின்று தவிக்க வேண்டியதுதான். கழற்றும் முன், பூட்டின் வாயில் துணியைச் சுருட்டி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி மாதிரி ஒட்டியிருப்பது பேட்டரி சென்சார். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் உடைந்துவிடும்.

டைனமோவைச் சோதிக்கும்போது அவசரப்பட வேண்டாம். சாதாரண வண்டியில் இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வோல்ட் இருக்க வேண்டும். இந்த வண்டிகளிலோ பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சார்ஜிங்கைக் குறைத்து, காலை எடுக்கும்போது கூட்டும் ஏற்பாடு உண்டு. ஒரு நொடி 12.6 காட்டியது என்று டைனமோவை மாற்றியவர்கள் நிறையப் பேர். ஹெட்லைட், ஏசி புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, கால் மணி நேரம் ஸ்கேனரில் வோல்டேஜைப் பதிவு செய்து பாருங்கள். கூடவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் டைனமோவின் டயோடு போயிருக்கிறது. அது தகவல் ஒயர்களில் இரைச்சலைக் கிளப்பி விசித்திரமான கோடுகளை எழுதவைக்கும்.

புதிய பேட்டரி போடுவதாக இருந்தால், இருந்த அதே வகை, அதே ஆம்பியர். ஏஜிஎம் இருந்த இடத்தில் சாதாரணப் பேட்டரி வேண்டாம். 80 முதல் 105 ஆம்பியர் வரையிலான ஏஜிஎம் பேட்டரிக்கு ரூ. 20,000 முதல் 35,000 வரை ஆகலாம். பிஎம்டபிள்யூ, ஆடி இரண்டிலும் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் வண்டிக்குத் தெரிவிக்க வேண்டும் (இதைத்தான் பேட்டரி ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள்). தெரிவிக்காவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்ததுபோலவே சார்ஜ் செய்து புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். விலை பேசும்போதே "ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்துத்தானே?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

5. நிற்கும்போது கசியும் மின்சாரம்

பேட்டரி நன்றாக இருந்தும் இரண்டு நாளில் இறங்கினால் இந்தச் சோதனை. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

பேட்டரி உள்ள மூடியைத் திறந்து வைத்து, திறந்திருக்கும் டிக்கி, பானெட், கதவு எல்லாவற்றின் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டி "மூடியது" போல ஆக்குங்கள். முடித்ததும் கைப்பிடியை இழுத்துப் பூட்டை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்தால் பூட்டு நசுங்கும். கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். வண்டியைப் பூட்டி, சாவியைப் பத்து மீட்டர் தள்ளி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் எதுவும் சொருகியிருக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்துக்குப் பின் 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. கணக்கு எளிது: 50 மில்லிஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணியைத் தின்னும். 500 மில்லிஆம்பியர் 12 ஆம்பியர் மணியைத் தின்னும். 90 ஆம்பியர் பேட்டரி நாலே நாளில் பாதிக்குக் கீழே போய்விடும்.

கசிவு இருந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் பழைய முறை இங்கே உதவாது. ஒரு ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினாலே தூங்கிய மாட்யூல்கள் விழித்துக்கொள்ளும். விழித்திருந்த குற்றவாளி அடங்கிப்போகும். அதற்குப் பதில், ஃபியூஸை இருந்த இடத்திலேயே வைத்து, அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளங்கள். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் சுழியம் வரும். 10 ஆம்பியர் சிறிய பிளேடு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். ஃபியூஸ் பாக்ஸ் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும், எல்லாவற்றையும் பாருங்கள்.

கம்பெனி பாகங்களைச் சந்தேகிப்பதற்கு முன், வெளியில் பொருத்திய எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்துவிடுங்கள். பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ்கேம், ஓபிடியில் தொங்கும் டிராக்கர், பின்னர் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், ஆம்ப்ளிஃபயர் ஆகியவை வண்டியைத் தூங்கவிடாமல் செய்வது சர்வசாதாரணம்.

6. எர்த்

எர்த் கோளாறை ஓம் அளவீட்டில் பிடிக்க முடியாது. ஐம்பது இழைகளில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்ல கணக்கையே காட்டும். சுமை ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று அளக்க வேண்டும்.

இஞ்சினை ஓடவிட்டு விளக்குகள், புளோயர் எல்லாம் போடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையைச் சந்தேகப்படும் எர்த் போல்ட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, பாடியில் உள்ள துருவையும் பெயிண்ட்டையும் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். இஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே போகும் பின்னல் கேபிளை மறக்காதீர்கள். அதற்கு, செல்ஃப் அடிக்கும்போது இஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளை மாற்றுங்கள். கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் இந்தப் பின்னல் வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே பச்சைத்தூளாக இருக்கும்.

7. தண்ணீரும் எலியும்

சன்ரூஃப் உள்ள வண்டியில் கூரையின் நாலு மூலையிலும் தண்ணீர் வடியும் குழாய்கள் உண்டு. நம் ஊரில் வேப்பிலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சன்ரூஃபைத் திறந்து ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் வளையும் நைலான் கம்பியை மெல்ல விட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றைப் பலமாக அடித்தால் குழாய் உள்பக்கம் கழன்றுவிடும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும். முன்கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளம், டிக்கி விளக்குகளின் ரப்பர், கதவின் உள்பக்க ஷீட் இவற்றையும் பாருங்கள்.

கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தால் ஏமாற வேண்டாம். அடியில் உள்ள தடித்த ஃபோம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். டிஷ்யூ பேப்பரைக் கால் வைக்கும் இடத்தில் அழுத்தி, மேலே ஏறி நின்று பாருங்கள். பல மாட்யூல்களும் ஒயர் இணைப்புகளும் அந்த ஃபோமுக்குப் பக்கத்திலும் சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரப் பள்ளத்திலும்தான் இருக்கின்றன.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் ஏராளம். வாங்கும் முன் சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா? சீட் தண்டவாளப் போல்ட்டில் துரு, டிக்கிப் பள்ளத்தில் வண்டல், ஏசி போட்டதும் வரும் மக்கின வாடை. இவற்றில் இரண்டு இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். வெள்ளம் பார்த்த ஒயரிங் வருடக்கணக்கில் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

நனைந்த மாட்யூல் கண்ணில் பட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். மின்சாரம் ஓடும்போதுதான் ஈரம் செம்பை வேகமாகத் தின்கிறது. பிறகு மாட்யூலைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, முழுதாகக் காயவிடுங்கள். கார்ப்பெட்டைக் காயவைக்கச் சீட்டைக் கழற்றுவதாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்தே மஞ்சள் கப்ளரைப் பிரியுங்கள். சீட் வெளியே இருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஏர்பேக் கோடு பதிவாகி, ஸ்கேனர் இல்லாமல் விளக்கு அணையாது.

எலிக்கு: பானெட்டுக்குள் டார்ச் அடித்து எச்சம், கடித்த நுரைத் துணுக்கு, கூடு மாதிரி சேர்ந்த நார் தேடுங்கள். ஒயரின் மேல்தோல் மட்டும் போய், செம்பு தெரியும் நிலையில் இருந்தால் அது மழைக்கு மட்டும் கோளாறு காட்டும்.

8. கோளாறை வரவழைப்பது

குறிப்பு எந்தத் திசையைக் காட்டியதோ அங்கே இப்போது கை வையுங்கள். அசைவில் வருவதென்றால் முதலில் கதவுக்கும் தூணுக்கும் இடையிலான ரப்பர் உறையும், டிக்கிக் கீலில் மடங்கும் ஒயர்க்கட்டும். ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்து, மேல்தோல் முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி ஒயரை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்த ஒயர் ரப்பர் மாதிரி நீளும். டிக்கி தானாகத் திறப்பது, நம்பர் பிளேட் விளக்கு மினுக்குவது, ரிவர்ஸ் கேமரா போய்ப்போய் வருவது, கதவுக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் முரண்டு பிடிப்பது எல்லாம் இந்த இரண்டு இடத்தின் வேலை.

சப்ளை ஒயரைச் சோதிக்க, மாட்யூலின் கப்ளரைப் பிரித்துவிட்டு, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். மாட்யூல் பிரிந்திருப்பதால்தான் இங்கே பல்பு வைக்கலாம். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஒயர்க்கட்டை ஒவ்வோர் அடியாக அசைத்துக்கொண்டே வாருங்கள். பல்பு மங்கும் இடத்தில் கை நிற்கட்டும். தேடியது அங்கேதான் இருக்கிறது. சூட்டில் வரும் கோளாறென்றால் ஹேர் டிரையரால் ஒவ்வொரு ரிலேயாக, மாட்யூலாகச் சூடுபடுத்துங்கள். ஈரத்தில் வருவதென்றால் தண்ணீர் ஸ்பிரேயரால் ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் நனையுங்கள்.

கப்ளரின் பெண் முனைக்குள் மல்டிமீட்டர் ஊசியைக் குத்தாதீர்கள். முனை விரிந்து, இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பின்பக்கமாக மெல்லிய ஊசி விடுவதே முறை.

9. தகவல் ஒயர்கள்

பேட்டரி, எர்த், தண்ணீர் மூன்றும் சரியாக இருந்தும் தொடர்புக் கோடுகள் வந்தால் மட்டும் கேன் பஸ் எனப்படும் தகவல் ஒயர்களுக்கு வாருங்கள். இரண்டு ஒயர் முறுக்கி வரும். வண்டி விழித்திருக்கும்போது அதிவேக கேன் பஸ்ஸில் மல்டிமீட்டரில் ஒன்று ஏறக்குறைய 2.6, மற்றது 2.4 வோல்ட் காட்டும், கூட்டினால் 5. பேட்டரியைக் கழற்றி இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வரவேண்டும், காரணம் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கிறது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று தொடுகின்றன.

வீடியோக்களில் ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களில் 60 ஓம் அளந்துவிட்டு "பஸ் நல்லா இருக்கு" என்பார்கள். இந்த வகை வண்டிகளில் நடுவில் கேட்வே மாட்யூல் (பல பஸ்களை இணைக்கும் இடைவாசல்) நிற்பதால், அந்த 60 ஓம் சாக்கெட்டிலிருந்து கேட்வே வரை மட்டுமே உண்மை. உள்ளே இருக்கும் பஸ்ஸை அதன் சொந்தக் கப்ளரில்தான் அளக்க வேண்டும். இதற்கு மேல் ஆசிலோஸ்கோப் (மின்அலையைத் திரையில் காட்டும் கருவி) வேண்டும். அது இருக்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பாட்டு, நேவிகேஷன், புளூடூத் மூன்றும் சேர்ந்து செத்துச் சேர்ந்து உயிர்பெற்றால், ஆடியோ கருவிகளை இணைக்கும் ஃபைபர் வளையத்தைப் பாருங்கள். ஒரு கருவி படுத்தால் வளையமே நிற்கும். ஃபைபரை 25 மில்லிமீட்டருக்கும் குறைவான வளைவில் மடக்கக் கூடாது.

10. ஒயரைச் சேர்ப்பது

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மழைவரைதான். வேண்டியவை: அதே தடிமன் உள்ள ஒயர், சரியான கிரிம்ப் (ஒயரை நசுக்கிப் பிடிக்கும் உலோக இணைப்பு), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்). கதவு, டிக்கி மாதிரி மடங்கும் இடத்தில் சால்டர் வேண்டாம். சால்டர் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து மறுபடி அறும். மடங்கும் பகுதிக்கு இரு பக்கமும் தள்ளி இணைத்து, நடுவில் புதிய நெகிழ் ஒயரை ஓடவிடுங்கள். கேன் ஒயர்களின் முறுக்கை 5 சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

11. ஒர்க்ஷாப்பிடம் பேசும் முறை, பணம், பேப்பர்

ஜாப் கார்டில் "கோளாறு கண்டறிதல் மட்டும், இத்தனை மணி நேரம் வரை, பாகம் மாற்ற எழுத்து அனுமதி தேவை" என்று எழுதி வாங்குங்கள். உங்கள் நோட்டின் நகலையும் வீடியோவையும் கொடுங்கள். மாட்யூலை மாற்றச் சொன்னால் ஒரே கேள்வி: "அதுக்கு சப்ளையும் எர்த்தும் சரியா வருதுன்னு எப்படிப் பார்த்தீங்க?" பதிலில் வோல்ட் கணக்கு இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றினால் பழைய பாகம், முன்பின் ஸ்கேன் ரிப்போர்ட், பாக எண் உள்ள பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் பழைய மாட்யூல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சாவி, ஸ்டார்ட்டிங், இஞ்சின் சம்பந்தப்பட்ட பல மாட்யூல்கள் பழைய வண்டியின் சேஸிஸ் எண்ணோடு பூட்டப்பட்டவை. பாக எண் கடைசி எழுத்து வரை பொருந்துகிறதா, கோடிங் செய்ய (மாட்யூலை உங்கள் வண்டிக்கு ஏற்றபடி அமைக்க) ஆள் இருக்கிறாரா, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸில் சாதாரண மின்கோளாறுக்குப் பணம் வராது. வழக்கமான மோட்டார் பாலிசி அதை வெளிப்படையாகவே விலக்குகிறது. வெள்ளச் சேதத்துக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பகுதியில் வரும். வண்டி மூழ்கினால் ஸ்டார்ட் செய்து பார்க்காமல், நீர்மட்டம் தெரியும்படி படமெடுத்து, உடனே தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றாமல் வைத்திருங்கள். ஜீரோ டெப்ரிசியேஷன் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) இல்லாவிட்டால் பேட்டரிக்கும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பாதி விலை கழிப்பார்கள். எலி கடித்தது சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எழுத்தில் கேளுங்கள். வாரண்டி இருந்தால் ஒயரைத் தொடும் முன்பே நிபந்தனைத் தாளைப் படியுங்கள். வெளி ஆள் கை வைத்த தடம் இருந்தாலே மறுப்பதற்கு அது காரணமாகும்.

தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்கியது நிரூபிக்கும் நிலையில் இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. அங்கே உங்களுக்குக் கைகொடுப்பவை ஜாப் கார்டும் இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும்தான்.

12. சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது

எந்தச் செயலால் கோளாறை வரவழைத்தீர்களோ அதையே பத்து முறை செய்யுங்கள். பிறகு கோடுகளை அழித்து, வழக்கமான இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காலம் காத்திருங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை வந்த கோளாறென்றால் முப்பது நாள். அதன் பிறகு ஒரு முழு ஸ்கேன் எடுத்து ஃபைலில் சேருங்கள். கூடவே ஒயரைச் சேர்த்த இடத்தின் படம், ஒயரின் நிறம், தேதி, ஓடோமீட்டர் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து அதே பக்கத்தில் வேறொரு விளக்கு எரியும்போது முதலில் எடுக்க வேண்டிய தாள் அதுதான்.